சதுர அடி ரேட்டுக்குள் எது அடங்கும், எது அடங்காது? வீடு கட்டிக்கொடுக்க இறங்குபவர்களுக்கு

நம் ஊரில் வீடு கட்டும் பேச்சு ஒரே கேள்வியில்தான் தொடங்கும்: "சதுர அடிக்கு என்ன ரேட் போடுறீங்க?" நீங்கள் 2,300 ரூபாய் என்பீர்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர் 2,150 சொன்னதாக வீட்டுக்காரர் சொல்வார். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு 2,250இல் பேச்சு முடியும். வெற்றிலை பாக்குடன் அட்வான்ஸ் கைமாறும், நல்ல நாள் பார்த்து மனை பூஜை போடுவார்கள். அந்த 2,250 ரூபாய்க்கு என்னென்ன வேலை என்பது மட்டும் பேசப்படாமலே போயிருக்கும்.

ஆறு மாதம் கழித்து, பூச்சு வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் சைட்டுக்கு வந்து, "தம்பி, காம்பவுண்டு சுவர் எப்ப ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்பார். "காம்பவுண்டு நம்ம கணக்குல இல்லையே சார்" என்று நீங்கள் சொன்னதும் அவர் முகம் மாறும். அவர் உங்களை ஏமாற்றப் பார்க்கவில்லை, நீங்களும் அவரை ஏமாற்றவில்லை. அவர் மனதில் வீடு என்பது கேட்டைத் திறக்கும் இடத்தில் தொடங்குகிறது. உங்கள் மனதில் அது அஸ்திவாரத்தில் தொடங்கி மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் முடிகிறது. இரண்டு பேரும் நேர்மையாக, இரண்டு வேறு வீடுகளை நினைத்துக்கொண்டு ஒரே ரேட்டுக்குச் சம்மதித்திருக்கிறீர்கள்.

இந்த இரண்டு வீடுகளையும் வேலை தொடங்குமுன் தாளில் ஒன்றாக்குவதைத்தான் வேலை வரையறை என்கிறோம். தொழிலில் ஸ்கோப் என்று சொல்வார்கள். என்ன செய்வோம், எந்தத் தரத்தில் செய்வோம், எதைச் செய்யமாட்டோம், எதை வீட்டுக்காரர் செய்யவேண்டும், இடையில் மாற்றம் வந்தால் எப்படிக் கணக்குப் பார்ப்போம் என்ற ஐந்து விஷயங்களும் அதில் இருக்கவேண்டும். வீடு கட்டும் தொழிலில் நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை மோசமான வேலையால் வந்தவை அல்ல. பேசாமல் விட்ட விஷயத்தால் வந்தவை. ஆகவே புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகள் கான்கிரீட் கலவைக்குக் கொடுக்கும் அதே கவனத்தை இந்தத் தாளுக்கும் கொடுக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

முதலில் சதுர அடி என்றால் எந்தச் சதுர அடி?

30 அடிக்கு 40 அடி வீடு என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சுவரின் வெளிப்பக்கத்தில் டேப் பிடித்தால் 1,200 சதுர அடி. வெளிச்சுவர் 9 அங்குலம் என்றால் உள்பக்க அளவு இருபத்தெட்டரைக்கு முப்பத்தெட்டரை, அதாவது சுமார் 1,097 சதுர அடி. வெளிச்சுவர் மட்டுமே 103 சதுர அடியை எடுத்துக்கொண்டது. உள்சுவர்களைக் கழித்தால் புழங்கும் இடம் இன்னும் குறையும். கட்டுபவர்கள் எல்லோரும் வெளி அளவில்தான் கணக்குப் போடுகிறோம், அது நியாயமும்கூட, ஏனென்றால் சுவருக்கும்தான் செங்கல்லும் சிமென்டும் ஆகிறது. ஆனால் வீட்டுக்காரர் தன் தரையை மனதில் அளந்துகொண்டு 1,200 என்று நம்பிக்கொண்டிருக்கலாம். பிளானை விரித்து வைத்து, பென்சிலால் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது ஹெட்ரூம். மாடிப்படி மொட்டை மாடியில் போய் முடியும் இடத்தில் கட்டும் அந்தச் சின்ன அறை 100 சதுர அடி வந்தால், 2,250 ரேட்டில் 2,25,000 ரூபாய். அதைக் கணக்கில் சேர்க்கிறீர்களா? போர்டிகோ 120 சதுர அடி என்றால், முழுசாகக் கணக்கிட்டால் 2,70,000, பாதியாகக் கணக்கிட்டால் 1,35,000. சிலர் முழுசாகப் போடுவார்கள், சிலர் பாதி, சிலர் தூணும் கூரையும் தனி ரேட் என்பார்கள். எதுவும் தப்பில்லை. சொல்லாமல் விடுவதுதான் தப்பு. 2,150 சொன்ன பக்கத்துத் தெருக்காரர் ஹெட்ரூமையும் போர்டிகோவையும் முழுசாகக் கணக்கிடுபவராக இருந்தால், 2,250க்குப் பாதிக் கணக்கு போடும் உங்களைவிட அவர் மலிவு என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்காரரிடம் இதைப் பொறுமையாக விளக்கினால், ரேட்டைக் குறைக்கச் சொல்லும் நெருக்கடியே பாதி குறைந்துவிடும்.

இந்த ரேட் முறையை ஒழிக்கவேண்டும் என்று சில இன்ஜினீயர்கள் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாதச் சம்பளத்தில் சேர்த்து, லோன் வாங்கிக் கட்டும் குடும்பத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஒரு கணக்கு தெரிந்தாகவேண்டும், சதுர அடி ரேட் அதைக் கொடுக்கிறது. அதோடு இரண்டு மூன்று பக்கத் தாள் ஒன்றும் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அடங்காதவற்றை முதலில் எழுதுங்கள்

பெரும்பாலான ஒப்பந்தத் தாள்களில் 'செய்து தரப்படும் வேலைகள்' என்று நீளப் பட்டியல் இருக்கும். அடங்காதவற்றைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது, அல்லது கடைசியில் 'இதர வேலைகள் தனி' என்று ஒரே வரி இருக்கும். அந்த 'இதர'தான் பின்னால் சண்டையாக வெடிக்கும். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். அடங்காதவற்றை முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், ஒவ்வொன்றுக்கும் உத்தேச விலையோடு எழுதுங்கள்.

காம்பவுண்டு சுவரும் கேட்டும், சம்ப், செப்டிக் டேங்க், போர், பாதாளச் சாக்கடை இணைப்பு, ஈபி நிரந்தர இணைப்புக்கான கட்டணம், கட்டுமானத்துக்கான தற்காலிக மின் இணைப்பு, மனையைச் சுற்றி மண் நிரப்புதல், வீட்டைச் சுற்றித் தரைக்கல் பதித்தல், மாடுலர் கிச்சன், கப்போர்டு கதவுகள், ஃபால்ஸ் சீலிங், ஜிஎஸ்டி எல்லாம் பொதுவாக இந்தப் பட்டியலில் வருபவை. மழைநீர் சேகரிப்புத் தொட்டியை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் அது கட்டாயம். அப்புறம் கட்டட அனுமதி. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் சொந்த வீட்டுக்கு ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கிவிடலாம். இதனால் அலைச்சல் குறைந்ததே தவிர, கட்டணம் ஒழியவில்லை. அது யார் செலவு? பதிவேற்றும் வேலை யாருடையது? எழுதிவிடுங்கள்.

விலை போட்டு எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "சம்ப் தனி" என்று மட்டும் சொன்னால் அவர் தலையை ஆட்டிவிடுவார், ஏதோ இருபதாயிரம் ஆகும் என்று நினைத்துக்கொள்வார். அளவோடு சொல்லிப் பாருங்கள். உள் அளவு 8 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி ஆழம் என்றால் 240 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் வீதம் விளிம்பு வரை சுமார் 6,800 லிட்டர் பிடிக்கும். "லாரித் தண்ணீர் 12,000 லிட்டர் வரும், அதை மொத்தமா இறக்கணும்னா இந்த சம்ப் பத்தாது சார்" என்று அப்போதே சொல்ல முடியும். அவர் யோசிப்பார், மனைவியிடம் கேட்பார், பெரிய சம்ப் வேண்டுமா என்று முடிவெடுப்பார். அந்த முடிவு கூடுதல் செலவாகவே இருந்தாலும், அவரே தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும். பின்னால் அந்தத் தொகையைக் கேட்கும்போது கோபம் வராது.

இப்படி எழுதினால் வேலை கைவிட்டுப் போய்விடும் என்று புதியவர்களுக்குப் பயம் உண்டு. போட்டிக்கு நிற்பவர் எல்லாவற்றையும் மறைத்துக் குறைந்த ரேட் சொல்லும்போது, நாம் மட்டும் ஐந்து லட்ச ரூபாய்க்குத் தனிச் செலவுப் பட்டியலை நீட்டினால் ஓடிவிடமாட்டார்களா? சிலர் ஓடத்தான் செய்வார்கள். ஆனால் நிற்பவர்கள் கடைசி வரை நிற்பார்கள், அடுத்த வீட்டுக்காரரையும் அழைத்து வருவார்கள். வீடு கட்டும் தொழிலுக்கு விளம்பரம் அதுதான். அது மட்டுமல்ல, அந்த ஐந்து லட்சம் எப்படியும் செலவாகத்தான் போகிறது. முதலிலேயே தெரிந்தால் அதையும் சேர்த்து லோன் கேட்பார். பாதியில் தெரிந்தால் நகையை அடகு வைப்பார்.

பொருளின் பெயர் மட்டும் போதாது

'தரமான டைல்ஸ்', 'முதல் தர மரம்', 'நல்ல பெயின்ட்' போன்ற சொற்களைத் தாளில் இருந்து அடித்துவிடுங்கள். உங்கள் 'தரமான' வேறு, அவருடைய 'தரமான' வேறு. எண் இருந்தால்தான் அது வரையறை.

கான்கிரீட் எம்20. இந்திய தர நிர்ணயமான ஐஎஸ் 456 கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தபட்சமாக வைத்திருப்பது அதுதான், 28 நாளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கவேண்டும். கம்பி எஃப்இ 500 டிஎம்டி (500 என்பது கம்பியின் பலத்தைக் குறிக்கும் எண்), எந்தெந்தக் கம்பெனி என்று இரண்டு மூன்று பெயர். கட்டுக்கு எம்-சாண்ட் (பாறையை நொறுக்கிச் செய்த மணல்), பூச்சுக்கு அதைவிட நைசான பி-சாண்ட். பேஸ்மென்ட் உயரம் ரோட்டு மட்டத்தில் இருந்து 3 அடி. பெயின்ட் என்றால் உள்ளே இரண்டு கோட் பட்டி, ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன். வெளியே பட்டி உண்டா இல்லையா. தேக்கு நிலை என்றால் நாட்டுத் தேக்கா, பர்மாவா, கானாவா, நிலையின் கனம் 5க்கு 3 அங்குலமா, 4க்கு 3 அங்குலமா. இவை வேகமாக எழுதிவிடக்கூடியவை, யாரும் சண்டை போடமாட்டார்கள்.

நின்று நிதானமாக எழுதவேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று டைல்ஸ். வீட்டுக்காரர் கடைக்குப் போய்த் தானே தேர்ந்தெடுக்கும் பொருள் என்பதால், 'சதுர அடிக்கு 55 ரூபாய் வரை' என்று ஒரு வரம்பு வைப்போம். அந்த 55 வரி சேர்த்தா, ஏற்றிறக்குக் கூலியும் வண்டி வாடகையும் அதற்குள்ளா? கடைக்காரர் பலகையில் 55 என்று எழுதியிருப்பதும் பில்லில் வருவதும் ஒன்றல்ல. 1,000 சதுர அடித் தரைக்கு அவர் 80 ரூபாய் டைல்ஸ் எடுத்தால் வித்தியாசம் 25,000 என்று அவரே கணக்குப் போட்டுவிடுவார். ஆனால் வெட்டுச் சேதத்துக்குச் சேர்த்து வாங்கும் 50 முதல் 100 சதுர அடிக்கும் அந்த வித்தியாசம் உண்டு, சுவரோர ஸ்கர்ட்டிங்குக்கும் உண்டு. அதோடு, 2க்கு 2 டைல்ஸுக்குப் பேசிவிட்டு அவர் 4க்கு 2 எடுத்தால் பதிக்கும் கூலியும் ஏறும், பசை போட்டு ஒட்டவேண்டிவரும். இதைக் கடைக்குப் போகுமுன் சொல்லவேண்டும். கடையில் டைல்ஸ் பிடித்துப்போன பிறகு சொன்னால் அது மறுப்பு போலத் தெரியும்.

இன்னொன்று மின்சாரம். 'தேவையான பாயின்ட்கள்' என்று எழுதினால் தொலைந்தீர்கள். அறை அறையாக எழுதுங்கள். ஒரு படுக்கையறைக்கு இரண்டு லைட், ஒரு ஃபேன், ஒரு நைட் லேம்ப், இரண்டு சாதாரண பிளக், கட்டில் பக்கத்தில் ஒரு டூ-வே சுவிட்ச், ஒரு ஏசி பாயின்ட் என்று எண்ணிக்கை போட்டு, கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவார்கள் என்று கேட்டு, பிளானிலேயே குறியுங்கள். இன்வெர்ட்டர் வேண்டுமென்றால் அதற்குத் தனி லைன் ஓடவேண்டும். சிசிடிவி, இன்டர்நெட் வயர் போகும் பைப், போர்டிகோவில் மின்சார வண்டி சார்ஜ் செய்ய ஒரு பாயின்ட் எல்லாவற்றையும் இப்போதே கேட்டுவிடவேண்டும். ரூஃப் கான்கிரீட்டுக்குள் போகும் பைப் கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் வரைதான் மாற்றத்துக்கு இடம் கொடுக்கும். பூச்சு முடிந்த சுவரை வெட்டி பைப் வைத்து மறுபடி பூசினால், அந்த ஒட்டு எத்தனை கோட் அடித்தாலும் சாய்வெளிச்சத்தில் தெரியும்.

மண்ணுக்குள் இருப்பதும் மேலே வரப்போவதும்

நாம் ரேட் சொல்லும்போது சில விஷயங்களை அப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறோம். 5 அடி தோண்டினால் கெட்டி மண் வரும் என்பது அப்படி ஒன்று. தோண்டும்போது கரிசல் மண் 7 அடிக்குப் போகலாம், பழைய கிணறு மூடிய குழி அகப்படலாம், பாறை வரலாம். அப்போது கூடுதல் ஆழத்துக்கு யார் பணம் தருவது? தாளில் இப்படி ஒரு பத்தி போதும்:

"அஸ்திவார ஆழம் இப்போதுள்ள தரை மட்டத்தில் இருந்து 5 அடி என்று கணக்கிடப்பட்டுள்ளது. கெட்டி மண் அதற்குக் கீழே கிடைத்தால், வீட்டுக்காரர் முன்னிலையில் அளந்து, கூடுதல் ஆழத்துக்கான தோண்டும் கூலி, கான்கிரீட், கட்டுவேலை ஆகியவை இத்துடன் இணைத்துள்ள ரேட்டில் தனியாகக் கணக்கிடப்படும். அளக்கும்போது எடுத்த படமும் அளவும் இரு தரப்பிலும் இருக்கும்."

மண் சரியில்லை என்று முன்பே தெரிந்த இடங்களில், பேஸ்மென்ட் வரை அளந்து பணம், அதற்கு மேல் சதுர அடி ரேட் என்று பிரித்துக்கொள்வது இரண்டு பேருக்கும் நல்லது. மண் பரிசோதனைக்கு ஆகும் செலவு, பின்னால் வரும் வாக்குவாதத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

மேலே வரப்போவதைப் பற்றிக் கேட்காமல் விடக்கூடாது. "பின்னாடி பையனுக்கு மேல ஒரு வீடு எடுக்கணும்" என்ற எண்ணம் பல குடும்பங்களில் இருக்கும், ஆனால் சொல்லமாட்டார்கள். இன்ஜினீயருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைப்பார்கள். தரைத்தளம் மட்டும் தாங்கும் கணக்கில் அஸ்திவாரமும் தூணும் போட்டுவிட்டால், பத்து வருடம் கழித்து அவர் ஆசையை எந்தத் தாளும் காப்பாற்றாது. 'இந்தக் கட்டடம் தரைத்தளமும் முதல் தளமும் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டுள்ளது' அல்லது 'தரைத்தளம் மட்டும்' என்று ஒரு வரி எழுதி, அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

மேலே வரவேண்டியது முடிவாகாமல் கீழே தூண் எழுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் சிட்னி ஓப்பரா ஹவுஸ். டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சோனின் வடிவமைப்பை 1957இல் தேர்ந்தெடுத்தார்கள். 1959இல் அடித்தள வேலை தொடங்கியபோது, மேலே வரவேண்டிய அந்தச் சிப்பி வடிவக் கூரையை எப்படிக் கட்டுவது என்பதே தீர்மானமாகவில்லை. கூரைக் கணக்கு முடிந்த பிறகு பார்த்தால், ஏற்கெனவே எழுப்பிய தூண்கள் அந்த எடையைத் தாங்காது. அவற்றைத் திரும்பக் கட்டவேண்டியதாயிற்று. பெரிய அரங்கம் ஓப்பராவுக்கும் கச்சேரிக்கும் பொதுவானது என்று தொடங்கி, பாதியில் கச்சேரிக்கு மட்டும் என்று மாறியது. அதற்குள் பொருத்தியிருந்த மேடை இயந்திரங்களைக் கழற்றினார்கள். 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் 1963இல் முடியும் என்று சொன்ன வேலை, 10.2 கோடி டாலரில் 1973இல் முடிந்தது. உட்சோன் 1966இலேயே விலகிவிட்டார். அவ்வளவு பெரிய நிபுணர்களுக்கே இந்தக் கதி என்றால், 1,200 சதுர அடி வீட்டில் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டுக்காரர் செய்யவேண்டியது

இந்தப் பகுதி பல தாள்களில் இருப்பதே இல்லை. கட்டுமானத்துக்குத் தண்ணீரும் மின்சாரமும் யார் பொறுப்பு, பத்திரமும் பட்டாவும் எப்போது தருவார், பக்கத்து மனைக்காரரோடு எல்லைத் தகராறு இருந்தால் யார் தீர்ப்பது, டைல்ஸையும் பெயின்ட் நிறத்தையும் எந்தக் கட்டத்துக்குள் முடிவு செய்யவேண்டும் என்றெல்லாம் இங்கே வரும். உள்பூச்சு முடிந்த ஒரு வாரத்துக்குள் டைல்ஸ் சைட்டுக்கு வரவில்லை என்றால் வேலை எத்தனை நாள் நிற்கிறதோ அத்தனை நாள் முடிக்கும் தேதியும் தள்ளிப்போகும் என்று எழுதுங்கள். இதை மிரட்டல் தொனியில் எழுதவேண்டாம். அவருக்கும் லீவு எடுத்துக் கடைக்குப் போகத் தேதி தெரிந்தால் வசதிதான்.

பணத்தவணையும் இதோடு சேர்ந்தது. பேஸ்மென்ட், லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), ரூஃப், பூச்சு, தரை, பெயின்ட் என்று வேலையின் கட்டத்தோடு தவணையைக் கட்டுங்கள். லோன் வாங்குபவர் என்றால் பேங்க் எந்தக் கட்டத்தில் பணம் விடும் என்று கேட்டு, அதற்குப் பொருந்தும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா கிடப்பதுபோலத் தெரியும் நாட்கள்

ரூஃப் போட்ட மறுநாள் வீட்டுக்காரர் ரொம்ப சந்தோஷமாக இருப்பார், உறவினர்களைக் கூட்டிவந்து காட்டுவார். பத்து நாள் கழித்து அவரே போன் பண்ணி, "ஆளையே காணோமே, வேற சைட்டுக்குப் போயிட்டீங்களா?" என்பார். பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறது, கீழே கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் முட்டு நிற்கிறது, அது வேலை என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

ஐஎஸ் 456 சொல்வதை எளிமையாக அவருக்கு எழுதிக் கொடுங்கள். சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், இப்போது நாம் அதிகம் பயன்படுத்தும் பிபிசி போன்ற கலப்பு சிமென்டுக்கும் வெயில் காலத்துக்கும் குறைந்தது 10 நாள் ஈரம் காக்கவேண்டும், 14 நாள் வரை நீட்டுவது நல்லது. நாலரை மீட்டருக்கு உட்பட்ட ஸ்லாபின் முட்டை 7 நாளுக்கு முன்பும், அதற்கு மேல் அகலமான ஸ்லாபின் முட்டை 14 நாளுக்கு முன்பும் எடுக்கக்கூடாது. 6 மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள். நடைமுறையில் நாங்கள் வீடுகளில் 14 நாளுக்குக் குறைந்து பிரிப்பதில்லை. எனவே கால அட்டவணையில் 'ரூஃப் போட்டபின் ஈரம் காக்கும் நாட்கள், ஆட்கள் குறைவாக இருப்பார்கள்' என்று ஒரு வரி சேர்த்து, அந்த நாட்களில் காலையும் மாலையும் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கும்படி அவரையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆள் இல்லையே என்ற கவலை போய், தன் வீட்டின் பலத்துக்குத் தானும் ஏதோ செய்கிறோம் என்ற நிறைவு அவருக்கு வரும். எதிர்பார்ப்பைச் சரிசெய்வது என்பது இப்படித்தான், பெரிய பேச்சு எதுவும் தேவையில்லை.

"சின்ன மாற்றம்தானே"

எவ்வளவு கவனமாக எழுதினாலும் மாற்றம் வரும். வரட்டும். வாழப்போகிறவர்கள் அவர்கள், சுவர் எழும்பிய பிறகுதான் பலருக்கு வீடு கண்ணுக்குத் தெரிகிறது. மாற்றத்தைத் தடுக்கத் தாள் எழுதவில்லை, மாற்றத்தின் விலையை முன்கூட்டியே காட்டத்தான் எழுதுகிறோம்.

யாரோ ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு வந்து, "சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவுல இருக்கிற சுவரை எடுத்துடலாமா, ஓபன் கிச்சன் நல்லா இருக்கு" என்கிறார்கள். சுவர் லிண்டல் வரை எழும்பியாயிற்று. செங்கல் தானே, இடித்தால் போச்சு என்று தோன்றும். முதலில் அந்தச் சுவர் மேலே வரும் ஸ்லாபைத் தாங்குகிறதா என்று வடிவமைத்த இன்ஜினீயர் பார்க்கவேண்டும். தாங்குகிறது என்றால் அங்கே பீம் வரும், பீமுக்குத் தூண் வேண்டுமா என்ற கேள்வி வரும். அந்தச் சுவரில் குறித்திருந்த மிக்ஸி, ஃப்ரிட்ஜ் பாயின்ட் வேறு சுவருக்குப் போகவேண்டும். கடப்பா ஷெல்ஃப் வைக்க இடம் குறையும். இன்னொரு பக்கம், அந்தச் சுவருக்கான பூச்சும் டைல்ஸும் பெயின்டும் மிச்சமாகும். அந்த மிச்சத்தையும் கழித்துக் காட்டுங்கள்! கூட்டுவதை மட்டும் காட்டிக் கழிப்பதை மறைத்தால், அடுத்த முறை நீங்கள் சொல்லும் எந்தத் தொகையையும் அவர் நம்பமாட்டார்.

ஒரு பக்கச் சீட்டு போதும். என்ன மாற்றம், ஏன், கூடுவது எவ்வளவு, குறைவது எவ்வளவு, எத்தனை நாள் தள்ளும், தேதி, இரண்டு கையெழுத்து. வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்கினாலும் பரவாயில்லை, ஆனால் சீட்டு இல்லாமல் சுத்தியல் சுவரில் படக்கூடாது. மாற்றங்களை எல்லாம் சேர்த்து வைத்துக் கடைசியில் மொத்தமாக 'எக்ஸ்ட்ரா' பில் நீட்டும் பழக்கம் நம் தொழிலில் உண்டு. கிரகப்பிரவேசச் செலவில் திணறிக்கொண்டிருக்கும் குடும்பத்திடம் மூன்று லட்ச ரூபாய்ப் பட்டியலை நீட்டுவது கொடுமை. அந்தந்த மாதம் அந்தந்தக் கணக்கை முடித்துவிடுங்கள்.

காசு வாங்காமல் செய்துகொடுக்கும் சின்ன வேலைகளையும் சீட்டில் எழுதச் சொல்வேன். துளசி மாடம் கட்டிக் கொடுத்தீர்களா, 'துளசி மாடம், கட்டணம் இல்லை' என்று எழுதுங்கள். எழுதாமல் செய்தால் அது ஒப்பந்தத்திலேயே இருந்தது என்று நாளடைவில் அவர் நினைத்துக்கொள்வார். எழுதினால், நீங்கள் அன்போடு செய்தது அன்பாகவே அவருக்கு நினைவிருக்கும்.

முடிந்தது என்றால் எப்படி இருக்கும்

சாவி கொடுக்கும் நாளில் என்ன பார்க்கவேண்டும் என்பதையும் தாளிலேயே வைத்துவிடுங்கள். பாத்ரூம் தரையில் தண்ணீர் நிறுத்திக் கீழ்ப்பக்கம் ஈரம் வருகிறதா என்று பார்ப்பது, மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றி அது குழாய்ப் பக்கம் ஓடுகிறதா என்று பார்ப்பது, ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பார்ப்பது, கதவு ஜன்னல் உரசாமல் மூடுகிறதா என்பது. பூச்சில் முடி அளவு விரிசல் முதல் கோடையில் வரலாம், அதை எத்தனை மாதம் வரை நாம் வந்து சரிசெய்வோம் என்பதையும் எழுதுங்கள். தெரியாமல் பார்த்தால் அந்த விரிசல் பயமுறுத்தும். முன்பே படித்திருந்தால், போன் பண்ணி "அந்த விரிசல் வந்திருக்கு தம்பி, எப்ப வர்றீங்க?" என்று சாதாரணமாகக் கேட்பார்.

தாள் எழுதி முடித்ததும் கணவர் ஒருவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து, மனைவி, பெரியவர்கள் எல்லோரும் இருக்கும்போது வரி வரியாகப் படியுங்கள். சமையலறை மேடை எந்த உயரம், துணி துவைக்கும் கல் எங்கே, தாத்தாவுக்கு பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி வேண்டாமா என்ற கேள்விகள் அப்போதுதான் வரும். இவை எல்லாம் யார் மனதிலோ ஏற்கெனவே இருந்த எதிர்பார்ப்புகள்தான். ஒரு மணி நேரம் ஆகலாம், டீ இரண்டு தடவை வரலாம். அவசரப்படாதீர்கள்.

அப்புறம் ஒரு பிரதி மேஸ்திரியிடம் இருக்கவேண்டும். சாயங்காலம் சைட்டுக்கு வரும் வீட்டுக்கார அம்மா, "மேஸ்திரி அண்ணே, இந்த மூலையில ஒரு லாஃப்ட் போட்டுடலாம்ல?" என்று கேட்பார். "போட்டுடலாம்மா, அதுக்கென்ன" என்று நல்ல மனதோடு அவரும் சொல்லிவிடுவார். அந்தத் தலையாட்டலில் ஒரு லாஃப்ட் வாக்குறுதி ஆகிவிட்டது. மேஸ்திரிக்கு ஸ்கோப் தாளைப் படித்துக் காட்டி, புதிதாக யார் எதைக் கேட்டாலும் "இன்ஜினீயர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுறேன்மா, சீட்டு போட்டதும் ஆரம்பிச்சுடலாம்" என்று சொல்லப் பழக்குங்கள். அதே சாயங்காலம் அவர் உங்களுக்கு போன் பண்ணவேண்டும், நீங்கள் மறுநாளே அந்த அம்மாவுக்கு விலையோடு பதில் சொல்லவேண்டும்.